சொலேயாவில் சொந்த ஃபால்செத்தா: ஃபிளமெங்கோ கிதாரில் மரபு எதுவரை, நம் விருப்பம் எதுவரை?

அடையாறு ஆறுகம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையைக் கிதாரில் கற்று வருகிறேன். அதற்கு முன் மேற்கத்திய செவ்வியல் கிதாரில் தேர்வுகள் எழுதியவன். சென்னையில் செவ்வியல் கிதாருக்கும் ராக் கிதாருக்கும் நல்ல ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள். ஃபிளமெங்கோ என்று வரும்போது இணையவழி வகுப்பையும் பழைய ஒலிப்பதிவுகளையும் நம்பித்தான் நான் இருக்கிறேன்.

சொலேயா என்ற மெதுவான ஃபிளமெங்கோ வடிவத்தில் மரபான ஃபால்செத்தாக்கள், அதாவது பாடலின் அடிகளுக்கு இடையில் கிதார் தனித்து ஒலிக்கும் சிறு இசைத்தொடர்கள், ஓரளவு கைக்கு வந்தபின் நானே சிலவற்றை அமைத்துப் பார்த்தேன். ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று இறங்கும் வழக்கமான கார்டு வரிசைக்கு நடுவே ஜாஸ் சாயல் கொண்ட கார்டுகளைச் செருகியிருக்கிறேன்; ஓரிடத்தில் தோடி ராகத்தின் நினைவு வரும்படி காந்தாரத்தை இழுத்து அசைக்கிறேன். இதைக் கேட்ட நண்பர்களில் ஒருவர், இது இனிமையாக இருந்தாலும் சொலேயாவாக இல்லை என்றார். இன்னொருவரோ, கிதார் மேதை பாகோ தெ லூசியா யாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஃபிளமெங்கோவை மாற்றினார் என்று கேட்டார். இருவரும் இந்த இசையை நெடுநாளாகக் கேட்டு வருபவர்கள்தாம்.

ஒரு சொலேயாவை சொலேயாவாக வைத்திருப்பது எது, அதில் வாசிப்பவர் தம் விருப்பம்போல் மாற்றத் தக்கது எது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டும். மரபை முழுமையாகக் கற்று முடித்த பிறகுதான் சொந்தமாக வாசிக்கலாம் என்றால், அந்த முழுமை எப்போது வரும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. தோடி விஷயத்தில் கர்நாடக சங்கீதம் அறிந்தவர்களின் கருத்தும் தேவை.

பன்னிரண்டாம் எண்ணிக்கை எழுதியது:

நண்பரே, உங்கள் ஒலிப்பதிவைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். கார்டுகளைச் சற்று நேரம் மறந்துவிட்டு கொம்பாஸ் என்னும் தாளச் சுற்றைக் கவனியுங்கள். சொலேயாவின் சுற்று 12 எண்ணிக்கை கொண்டது. அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் விழுகிறது. இந்த எண்களைக் கற்பவர் எல்லாரும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அழுத்தங்கள் விழும் இடத்தைவிட, இசைத்தொடர் எங்கே போய் அமர்கிறது என்பதே முக்கியமானது. மரபான சொலேயா ஃபால்செத்தா பெரும்பாலும் 10ஆம் எண்ணிக்கையில் ஈ கார்டில் வந்து இறங்கும். 11, 12 ஆகியவற்றை விரல்களை விசிறிக் கம்பிகளைத் தட்டும் ராஸ்கெயாதோவோ ஒரு சிறு விரல்தட்டோ நிரப்பும். அடுத்த சுற்று அங்கிருந்து மூச்செடுத்துக்கொண்டு தொடங்கும். உங்கள் தொடர் ஜாஸ் கார்டின் அழகில் மயங்கி 10ஐத் தாண்டி வழிந்து, அடுத்த சுற்றின் 2ஆவது எண்ணிக்கையில் போய் முடிகிறது என்றால், உங்கள் முதல் நண்பர் உணர்ந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். கார்டு அவருக்கு இடறியிருக்காது.

செவ்வியல் கிதாரிலிருந்து வருபவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு தொடரின் முடிவிலும் காலத்தைச் சற்று இழுத்து, உணர்ச்சி காட்டிவிட்டு, பிறகு மீண்டும் வேகம் பிடிப்பார்கள். சொலேயா மெதுவான வடிவம் என்பதால் அந்த இழுப்புக்கு இடம் இருப்பதுபோல் தோன்றும். பாடகரோடு வாசிக்கும்போது காலம் நீள்வதும் சுருங்குவதும் உண்மைதான். ஆனால் அங்கே பாடகரின் மூச்சு காலத்தை நீட்டுகிறது. தனியாக வாசிப்பவர் தம் விரலின் வசதிக்காக நீட்டினால், பக்கத்தில் அமர்ந்து பால்மாஸ் எனும் கைதட்டலைத் தருகிறவர் உடனே கையை நிறுத்திவிடுவார்.

ஆகவே நான் மரபு என்று பிடித்துக்கொள்வது இரண்டை மட்டுமே: கொம்பாஸ், பிறகு பாட்டுக்கு இடம் விடுதல். ஃபிளமெங்கோ பாட்டிலிருந்து வளர்ந்த இசை. கிதார் அதில் நெடுங்காலம் பக்கவாத்தியமாக இருந்தது. இன்றும் பெரும்பாலான கலைஞர்கள் அந்த வேலையிலிருந்தே தொடங்குகிறார்கள். பாடகர் ஓர் அடியின் முடிவில் எந்தச் சுரத்தில் நிற்பார், எஃப் கார்டை எப்போது எதிர்பார்ப்பார், எப்போது கிதார் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையெல்லாம் அறிந்தவர் அமைக்கும் ஃபால்செத்தாவில், பாடகரே இல்லாதபோதும் அந்தப் பாட்டு கேட்கும்.

இவற்றைக் காத்துக்கொண்டு எவ்வளவு தனித்தன்மை காட்டலாம் என்பதற்கு நேரெதிரான இரண்டு கலைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். மொரோன் தெ லா ஃப்ரோன்தேரா என்ற ஊரில் வாழ்ந்த தியேகோ தெல் கஸ்தோர் (1908–1973) பெரிய மேடைகளை நாடியவர் அல்லர். பெருவிரலையே பெரிதும் நம்பிய, சுரங்கள் குறைந்த வாசிப்பு அவருடையது. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் அந்தச் சிற்றூரைத் தேடிச் சென்று அவரிடம் கற்றார்கள். சபிகாஸ் (1912–1990) பாம்ப்லோனாவில் பிறந்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஸ்பெயினை விட்டு வெளியேறி, பிற்காலத்தில் நியூயார்க்கில் வாழ்ந்தவர். விரல்களை மாற்றி மாற்றி ஒற்றைச் சுரங்களை மீட்டும் அவருடைய பிகாதோவின் வேகமும் தெளிவும் உலக மேடைகளை வியக்க வைத்தன. இருவரும் சொலேயா வாசித்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே கலையா என்ற ஐயம் வரும்; ஆனால் கைதட்டிக்கொண்டே கேட்டால் இரண்டிலும் 12 ஒரே இடத்தில் இருக்கும்.

ஜாஸ் கார்டுகளைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. தராந்தா என்ற இன்னொரு ஃபிளமெங்கோ வடிவத்தின் ஆதாரக் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப் ஷார்ப்பை அடியில் அழுத்திக்கொண்டு மேலே மூன்று கம்பிகளைத் திறந்தே விடுகிறார்கள். எஃப் ஷார்ப்போடு ஜி உரசுகிறது, அதன் மேல் பி, ஈ இரண்டும் சேர்கின்றன. இது இன்றைய புதுமை அன்று. சுரங்கத் தொழிலாளர்களின் பாடல்களோடு வந்த வடிவத்தில் நெடுநாளாக இருக்கும் ஒலி. மேலும் தராந்தாவும் கிரனாயினா என்ற வடிவமும் தனிப் பாட்டாக வரும்போது தாளக்கட்டு இல்லாதவை. உங்கள் கார்டுக் கற்பனைக்கு அவை சொலேயாவைவிட அகலமான களம். அங்கே தொடங்கிப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

பழைய ஊசித்தட்டு எழுதியது:

மேலே எழுதியவர் சொல்லும் கொம்பாஸ் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மரபு என்று நாம் கும்பிடும் பொருள் எப்போது, யாரால் செய்யப்பட்டது என்று பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கூடாது.

தூய்மை பற்றிய கவலை ஃபிளமெங்கோவுக்குப் புதிதல்ல. 1922 ஜூன் மாதத்தில் கிரனாதாவின் அல்ஹம்ப்ராவில் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும், அப்போது இளைஞராக இருந்த கவிஞர் லோர்காவும் மற்றவர்களும் சேர்ந்து, ஆழ்ந்த பாட்டுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். வணிக மேடை அந்தப் பாட்டைக் கெடுத்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். ஆகவே தொழில்முறைப் பாடகர்களைப் போட்டியில் சேர்க்கவில்லை. பரிசு பெற்றவர்களில் ஒருவன் மனோலோ கரக்கோல் என்ற சிறுவன். அவன் வளர்ந்து 1940களில் என்ன செய்தான் தெரியுமா? பாடகியும் நடனக்காரியுமான லோலா ஃப்ளோரெஸுடன் சேர்ந்து, இசைக்குழுப் பின்னணியோடு, நாடு முழுவதும் மேடைக் காட்சிகளை நடத்தினான். தூய்மையைக் காக்க நடந்த போட்டி கண்டெடுத்த பிள்ளையே வணிக மேடையின் பெரிய நட்சத்திரமாக ஆனது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். அவர் பாடியதை இன்று எவரும் ஃபிளமெங்கோ இல்லை என்று ஒதுக்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிதாருக்கு வருவோம். இன்று கற்பவர்கள் மரபு என்று முதலில் விரல்வைக்கும் பல உத்திகள் ரமோன் மொந்தோயா (1879–1949) என்ற ஒரு மனிதரின் கைவேலை. அந்தோனியோ சகோன் போன்ற பெரும் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்த அவர், தம் காலத்துச் செவ்வியல் கிதாரைக் கேட்டு, கார்டின் சுரங்களைத் தனித்தனியாக மீட்டும் அதன் ஆர்பெஜியோவையும், ஒரே சுரத்தை விரைந்து திரும்பத் திரும்ப மீட்டும் ட்ரெமோலோவையும் ஃபிளமெங்கோவுக்குள் கொண்டுவந்தார். ஆறாவது கம்பியை டி ஆகவும், மூன்றாவது கம்பியை எஃப் ஷார்ப்பாகவும் இறக்கிக்கொண்டு அவர் வாசித்த ரொந்தேன்யா, இன்று தனிக் கிதாருக்கான மரபு வடிவமாகவே எண்ணப்படுகிறது. 1936இல் பாரிசில் அவர் செய்த தனிக் கிதார்ப் பதிவுகள் அடுத்த தலைமுறைக்குப் பாடப்புத்தகம் போல் ஆயின. அவர் காலத்தில் ஒரு முதியவர் எழுந்து, இந்த ட்ரெமோலோ நம்முடையதல்ல என்று சொல்லியிருந்தால், அந்தக் கணக்கில் அவர் சொன்னது சரிதான்.

பாகோ தெ லூசியாவை (1947–2014) உங்கள் நண்பர் எடுத்துக்காட்டியதும் பொருத்தமானதே. இளமையில் அவர் முந்தைய தலைமுறைக் கிதார் கலைஞர் நீன்யோ ரிகார்தோவின் ஃபால்செத்தாக்களை வாசித்து வளர்ந்தவர். 1960களில் அமெரிக்கப் பயணத்தில் சபிகாஸைச் சந்தித்தபோது, பிறருடைய இசையை வாசித்துக்கொண்டிருக்காமல் சொந்தமாகச் செய் என்று அவர் சொன்னதைப் பாகோ பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1973இல் போங்கோவும் பேஸ் கிதாரும் சேர்த்து அவர் வெளியிட்ட ரும்பா வகை இசைத்துண்டு ஸ்பெயினில் பெரும் விற்பனை கண்டது. 1970களின் இறுதியில் பெரு நாட்டிலிருந்து கஹோன் என்ற மரப்பெட்டியை எடுத்துவந்து தம் குழுவில் சேர்த்தார். இன்று கஹோன் இல்லாத ஃபிளமெங்கோ மேடையைப் பார்ப்பது அரிது. அது தென் ஸ்பெயினின் ஆண்டலூசியாவிலேயே பிறந்த வாத்தியம் என்று நினைப்பவர்கள்கூட இருக்கிறார்கள். கிதாரை வலத்தொடையின்மேல் நிமிர்த்தி வைத்துக்கொள்ளும் பழைய அமர்வை விட்டு, கால்மேல் கால் போட்டு வாசிக்கும் பழக்கம் பரவியதும் அவரால்தான்.

1979இல் பாடகர் கமரோன் தெ லா இஸ்லா வெளியிட்ட தொகுப்பில் லோர்காவின் கவிதைகள், மின்கிதார், டிரம்ஸ் எல்லாம் வந்தபோது விற்பனை மந்தமாக இருந்தது. இது எங்கள் கமரோன் இல்லை என்று கடைக்கே திருப்பிக் கொடுத்தவர்களைப் பற்றிய கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. அதே தொகுப்பைத்தான் இப்போது திருப்புமுனை என்று எழுதுகிறார்கள்.

ஆகவே அடையாறு நண்பருக்கு என் பதில் நேரானது. பாடகருக்குப் பல ஆண்டுகள் வாசித்த பிறகே தனியாக வாசிக்கலாம் என்ற விதி, ஃபிளமெங்கோ ஊர்களான ஹெரேஸிலும் செவிய்யாவிலும் பாடகர்களுக்கு நடுவே பிறந்தவர்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. சென்னையில் இருப்பவரை அந்த விதியால் அளந்தால் அவர் எந்நாளும் தொடங்கவே முடியாது. தனிக் கிதார் என்பது மொந்தோயா, சபிகாஸ் வழியாக வந்த, தனக்கென வரலாறு உள்ள கிளை. அதில் நின்றுகொண்டு உங்கள் கார்டுகளைத் தயங்காமல் வாசியுங்கள்.

மந்தரஸ்தாயி மயிலாப்பூர் எழுதியது:

நான் வீணை வாசிப்பவள். ஃபிளமெங்கோவை ஒரு ரசிகையாக மட்டுமே அறிவேன். தோடியைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

ஈ ஃப்ரிஜியன் என்று கிதார்க்காரர்கள் சொல்லும் சுர வரிசையின் சுரத்தானங்கள், ஈயை ஷட்ஜமாகக் கொண்டால், எட்டாவது மேளமான ஹனுமத்தோடியோடு அப்படியே பொருந்துகின்றன. சொலேயா ஈ மேஜர் கார்டில் முடியும்போது ஜி ஷார்ப் வந்துவிடுகிறது. அப்போது காந்தாரம் அந்தர காந்தாரமாகி, சுர வரிசை பதினான்காவது மேளமான வகுளாபரணமாகிறது. அதாவது ஒரே உருப்படியில் சாதாரண காந்தாரமும் அந்தர காந்தாரமும் மாறி மாறி வருகின்றன. நமக்கு அது உடனே காதில் படும்; அவர்களுக்கு அது இயல்பான நடை.

ஆனால் சுரத்தானம் ஒன்றாக இருப்பதால் தோடியின் காந்தாரத்தை அங்கே நடலாம் என்று எண்ணுவதில் இரண்டு இடையூறுகள் உள்ளன. முதலாவது கருவியைப் பற்றியது. தோடி காந்தாரத்தின் அசைவு ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு வருவது. வீணையில் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளில் கம்பியை இழுத்து அதைக் கொண்டுவருகிறோம். மின்கிதாரில் கர்நாடக இசை வாசிப்பவர்கள் இழுவிசை குறைந்த எஃகுக் கம்பியை வளைத்தும், விரலைச் சறுக்கியும் செய்கிறார்கள். ஃபிளமெங்கோ கிதாரிலோ நைலான் கம்பி பலகைக்கு மிக அருகில் தாழ்ந்திருக்கும். பக்கவாட்டில் இழுத்தால் சுருதி கொஞ்சமே ஏறும். முழு அசைவைக் கொண்டுவர முடியாமல் பாதியில் நிற்கும் கமகம், நம் காதுக்கு அபசுரம் போலவும் ஸ்பானியக் காதுக்கு விரல் நடுக்கம் போலவும் கேட்கக்கூடும்.

இரண்டாவது இடையூறு எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது. நம் இசையில் தம்பூரா ஷட்ஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தோடியின் காந்தாரம் அந்த ஆதாரத்தின்மேல் நின்றுதான் அந்தச் சோகத்தையும் கனத்தையும் பெறுகிறது. சொலேயாவில் அடியில் இருக்கும் கார்டு நகர்கிறது. எஃப் கார்டு ஒலிக்கும் நேரத்தில் காது எஃப்பையே ஆதாரமாக எடுத்துக்கொள்ள முயல்கிறது. அப்போது நீங்கள் அசைக்கும் ஜி சுரம் காந்தாரமாகக் கேட்காமல் ரிஷபம்போலக் கேட்கத் தொடங்கும். தோடியின் சாயல் வர வேண்டும் என்றால், கார்டு நகராமல் ஆறாவது கம்பியின் ஈ மட்டும் கார்வையாக ஒலிக்கும் இடத்தில் அதைச் செய்து பாருங்கள். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஒருமுறை கேட்டுவிட்டு அந்த ஓரிடத்தை வாசித்தால், எவ்வளவு விட்டுவிட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

மனோதர்மம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபிளமெங்கோவில் ஃபால்செத்தாவை மேடையில் அந்த நேரத்திலேயே உருவாக்குகிறார்கள் என்று நம் ரசிகர்கள் பலர் நினைக்கிறார்கள். நான் கேட்டும் படித்தும் அறிந்தவரை அது பெரும்பாலும் முன்பே அமைக்கப்பட்டு, தேய்த்து மெருகேற்றப்பட்டது; இன்னாருடைய ஃபால்செத்தா என்று பெயர் சொல்லிப் பிறர் வாசிப்பதும் உண்டு. எதை எப்போது எடுப்பது, பாடகரும் நடனக்காரரும் செய்வதற்கு எப்படிப் பதில் சொல்வது, சுற்றை எப்படி முடித்துக் கொடுப்பது என்பதில்தான் அந்த நேரத்துக் கற்பனை இருக்கிறது. கற்பனை ஸ்வரத்தின் அளவுகோலை எடுத்துக்கொண்டு அவர்களின் சுதந்திரத்தை அளக்க வேண்டாம். 1980இல் ஜாஸ் கிதார் கலைஞர்களான ஜான் மெக்லாக்லினோடும் அல் டி மெயோலாவோடும் பாகோ மேடையேறியபோது, கார்டுகளின்மேல் உடனுக்குடன் கற்பனை செய்வது தமக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே மெக்லாக்லின் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நம் விக்கு விநாயக்ராமோடும் எல். சங்கரோடும் சக்தி குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார் என்பது சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

பழைய ஊசித்தட்டு ஐயா சொன்ன வரலாறு நம் பக்கத்திலும் அப்படியே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் கையில் எடுத்த ஐரோப்பிய வயலின் இல்லாமல் இன்று கச்சேரி நடப்பதில்லை. அனாதி காலம் தொட்டு வந்ததாக நாம் எண்ணும் கச்சேரி வரிசையை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைப்படுத்தி நூறாண்டுதான் இருக்கும். ஆனால் அவர் எந்த நெறியையும் அறியாமல் மாற்றவில்லை. அந்த ஒரு காரணத்தால் என் வாக்கு பன்னிரண்டாம் எண்ணிக்கை சொன்னதற்கே.

அடையாறு ஆறுகம்பி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 10ஆம் எண்ணிக்கையைப் பற்றிப் படித்தவுடன் என் பதிவைக் கைதட்டிக்கொண்டே கேட்டேன். ஒரு ஃபால்செத்தா சரியாகவே அமர்கிறது. ஜாஸ் கார்டுகள் அதிகம் உள்ள மற்றொன்று வழிகிறது. கார்வையின்மேல் காந்தாரத்தை அசைக்கும் யோசனையையும் செய்து பார்க்கப் போகிறேன், அம்மா.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. பாட்டுக்கு இடம் விடுவதைப் பாடகர் இல்லாமல் எப்படிக் கற்பது? சென்னையில் ஃபிளமெங்கோ பாடுபவர் எவரையும் நான் அறியேன். மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவர் மட்டும் உதவத் தயாராக இருக்கிறார்.

பன்னிரண்டாம் எண்ணிக்கை எழுதியது:

மிருதங்க நண்பர் கிடைத்திருப்பது நல்வாய்ப்பு. ஆனால் முதல் சில மாதங்கள் அவர் மிருதங்கத்தை உறையிலேயே வைத்திருக்கட்டும். 12ஐ அவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். பிடித்தவுடன் அதை நான்கு திஸ்ரமாகப் பிரித்து, உள்ளே சொற்கட்டுகளை நிரப்பவும் தொடங்கிவிடுவார். சொலேயாவில் அழுத்தங்கள் 3, 3, 2, 2, 2 என்று சமமில்லாத இடைவெளியில் நகர்கின்றன. 3, 6க்குப் பிறகு 9ஐ எதிர்பார்க்கும் காதை 8 இழுத்துப் பிடிப்பதில்தான் அதன் கனமே இருக்கிறது. அவர் கையால் மட்டும், மெதுவாக, நிரப்பாமல் தட்டித் தரட்டும். பிறகு சிகிரியா என்ற வடிவத்துக்குப் போனால் அதே இடைவெளிகள் 2, 2, 3, 3, 2 என்று வேறிடத்திலிருந்து தொடங்குவதை உங்களைவிட அவர் அதிகம் ரசிப்பார்.

பாடகர் இல்லாத குறைக்கு என்னிடம் இருக்கும் வழி, நீங்களே பாடுவது. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. சொலேயாவின் பாட்டு எட்டு அசை கொண்ட மூன்று அல்லது நான்கு அடிகள்தாம். ஒன்றை மனப்பாடம் செய்து, முனகலாகவேனும் பாடிக்கொண்டு, அடியில் கார்டுகளை மட்டும் வாசியுங்கள். எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது, எந்த இடத்தில் கிதார் குறுக்கே வருகிறது என்பது தொண்டைக்கு முதலில் தெரியும். ஃபால்செத்தாவை அடிகளுக்கு நடுவே மட்டும் வாசிக்கும் கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு, ஸ்பெயின் தொலைக்காட்சி 1971 முதல் 1973 வரை ஒளிபரப்பிய ஆவணத் தொடர் இணையத்தில் கிடைக்கிறது. அதில் பாடகி பெர்னாந்தா தெ உத்ரேராவின் சொலேயாவைத் தேடிக் கேளுங்கள். அவருக்குத் தியேகோ தெல் கஸ்தோர் வாசிப்பதில் எத்தனை இடங்களில் கிதார் ஒன்றுமே செய்யாமல் காத்திருக்கிறது என்று கவனித்தால் போதும். 1969 முதல் 1977 வரை கமரோனும் பாகோ தெ லூசியாவும் சேர்ந்து வெளியிட்ட ஒலித்தட்டுகளையும் அதற்குப் பின் கேளுங்கள். பின்னாளில் எல்லாவற்றையும் மாற்றிய கை அங்கே எவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்பது தெரியும்.

பழைய ஊசித்தட்டு அவர்களுக்கு ஒரு மறுப்பு. சபிகாஸைத் தனிக் கிதாரின் தந்தையாகக் காட்டி, பக்கவாத்தியம் வேண்டாம் என்பது பொருந்தாது. நடனக் கலைஞர் கார்மென் அமாயாவோடு தென் அமெரிக்க நாடுகளில் அவர் ஆண்டுக்கணக்கில் சுற்றியவர். மொந்தோயாவைப் பற்றி நீங்களே எழுதினீர்கள், சகோனுக்கு வாசித்தவர் என்று. நீங்கள் காட்டிய மீறல்காரர்கள் எல்லாரும் பாட்டுக்கோ ஆட்டத்துக்கோ உழைத்துவிட்டு வந்தவர்களே.

பழைய ஊசித்தட்டு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அவர்கள் அனைவரும் உழைத்தவர்கள். ஆனால் அந்த உழைப்பு அவர்களின் பிழைப்பு. அந்தக் காலத்தில் தனிக் கிதாரைக் கேட்கக் காசு கொடுத்தவர்கள் குறைவு. பிழைப்புக்காகச் செய்ததைக் கலையின் நிபந்தனையாக மாற்றிவிட்டீர்கள் என்பதே என் வாதம். பாட்டுக்கு வாசித்தால் பயன் உண்டு என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். வாசிக்காதவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லும்போதுதான் எனக்கு 1922ஆம் ஆண்டுப் போட்டியின் வாயிற்காவலர் நினைவு வருகிறது.

அடையாறு நண்பருக்கு: வழிகிற ஃபால்செத்தாவைத் தூக்கி எறியாதீர்கள். அதன் கார்டுகளை அப்படியே தராந்தாவுக்கு மாற்றிப் பாருங்கள், அங்கே 10ஆம் எண்ணிக்கை உங்களைத் துரத்தாது. சரியாக அமர்கிற ஃபால்செத்தாவைப் பதிவு செய்து இங்கே இடுங்கள். கேட்டுவிட்டு மீதிச் சண்டையை நாங்கள் இருவரும் போட்டுக்கொள்கிறோம்.

பன்னிரண்டாம் எண்ணிக்கை எழுதியது:

தகுதி இல்லை என்று நான் எங்கும் எழுதவில்லை, ஐயா. மற்றபடி தராந்தா யோசனை நான் கொடுத்தது. அதை வழிமொழிந்ததற்கு நன்றி. பதிவை இடும்போது மிருதங்க நண்பரின் கைதட்டலும் அதில் கேட்கும்படி ஒலிவாங்கியை வையுங்கள், ஆறுகம்பி. கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேப்போவை எந்த மெட்டில் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். மந்தரஸ்தாயி அம்மா காந்தாரத்தைச் சரிபார்ப்பதற்கு வசதியாக இருக்கும்.